வகுப்பில் நிற்கும் சுருதி மேடையில் நிற்பதற்கு எப்படிப் பயில்வது?

புதுக்குடியிருப்பு மாணவி எழுதியது:

இசை ஆசிரியர்களுக்கும் மூத்த கலைஞர்களுக்கும் வணக்கம். நான் புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்து, கர்நாடக சங்கீதத்தில் வாய்ப்பாட்டைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் கற்கிறேன். இன்னும் நான்கு மாதங்களில் எனக்கு அரங்கச் செய்முறைப் பரீட்சை நடைபெறவுள்ளது. வயலின், மிருதங்கம் ஆகிய பக்கவாத்தியங்களுடன், முதல் உருப்படியான வர்ணத்தில் தொடங்கி, இறுதியிற் பாடும் சிறு பாடல்களான துக்கடா வரையில் 45 நிமிடங்கள் பாட வேண்டும்.

கடந்த மாதம் எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள கோயிலொன்றின் திருவிழாவில், பரீட்சைக்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று எண்ணி, அதே நிகழ்ச்சியைப் பாடினேன். வர்ணத்தை நான் வழக்கமாகப் பாடுவதிலும் விரைவாக எடுத்துவிட்டேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை, பின்னர் ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. இரு மடங்கு வேகத்திற் பாடும் இரண்டாங்காலத்தில் சுரங்கள் வாயில் அடங்காமல் வழுக்கின. கல்யாணி இராகக் கீர்த்தனையில், பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவியின் முதற்சொல் அடியோடு மறந்துபோனதால், பல்லவியையே மூன்று தடவை திருப்பிப் பாடினேன். மேடையிலேயே சுரங்களைக் கற்பனை செய்து பாடும் கற்பனாசுரத்தில், அரை அட்சரம் (தாள எண்ணிக்கை) கழித்துப் பாட்டைத் தொடங்கும் அரை இடத்து எடுப்பைத் தவறவிட்டு, தாளத்தின் முதல் தட்டான சமத்திலேயே போய் விழுந்தேன். மிருதங்கம் வாசித்த அண்ணா அந்த ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது ஒரு தாளச் சுற்றை, வாசிப்பால் மூடி என்னைக் காப்பாற்றினார். மேடையில், ஆதாரச் சுருதியைத் தரும் தம்புராவின் ஒலி எனக்குக் கேட்கவே இல்லை. இறங்கி வந்தபோது அம்மா, "நல்லாய் இருந்தது பிள்ளை" என்றார். எனக்கு அவரது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவற்றுள் எதுவும் வகுப்பில் எனக்கு நிகழ்வதில்லை. நாள்தோறும் அதிகாலையில் இரண்டு மணித்தியாலம் பாட்டுப் பயிற்சியான சாதகம் செய்கிறேன். பாடாந்தரம் (கற்ற பாட்டு முறை) உறுதியாக இருப்பதாக என் ஆசிரியர் கூறுகிறார். ஆனால் முழு நிகழ்ச்சியாகப் பாடும் வாய்ப்பு எங்களில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஓரிரு முறையே கிடைக்கிறது. மேடையை அதற்கென்றே தனியாகப் பயிலும் வழி உண்டா? சனி, ஞாயிறு நாட்களில் ஊருக்கு வரும்போது, இங்கே வன்னியில் இருந்துகொண்டே செய்யக்கூடியவை எவை? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

முள்ளியவளையிலிருந்து ஓய்வுநிலைச் சங்கீத ஆசிரியை எழுதியது:

பிள்ளை, உமது கடிதத்தில் எனக்கு முதலில் நம்பிக்கை தந்தது, எந்த இடத்தில் எது பிழைத்தது என்று வரிசையாகச் சொல்ல உம்மால் முடிந்திருப்பது. மேடையில் கலங்கிய பல பிள்ளைகளுக்கு எல்லாம் பிழைத்துவிட்டது என்ற ஒரே நினைவுதான் எஞ்சும். உமக்கு நான்கு பிழைகள் மட்டுமே நிகழ்ந்திருக்கின்றன, நான்கும் வெவ்வேறு காரணங்களால் நிகழ்ந்தவை. அவற்றை ஒன்றாகக் கட்டிப் பயம் என்று பெயர் வைக்காதேயும்.

அதிகாலைச் சாதகத்தை இன்னும் கூட்ட வேண்டியதில்லை. சாதகத்தில் ஒரு சங்கதி, அதாவது பாட்டு வரியின் ஓர் இசை வேறுபாடு, சரியாக விழாவிட்டால் நாம் நிறுத்துகிறோம், அந்த இடத்தை ஐந்தாறு முறை திருப்பிப் பாடித் திருத்துகிறோம், பிறகே மேலே செல்கிறோம். கற்பதற்கு அதுவே சரியான முறை. ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படிப் பயின்ற தொண்டை, பிழை வந்தவுடன் நிற்பதற்கே பழகிவிடுகிறது. பிழைத்த பின்னும் தொடர்ந்து பாடுவதை அது ஒருநாளும் பயின்றதில்லை. ஆகவே உமது இரண்டு மணித்தியாலத்தில் கடைசி 45 நிமிடத்தை இன்றிலிருந்து பிரித்து வையும். அந்த நேரத்தில் வர்ணம் முதல் துக்கடா வரை நிறுத்தாமல் பாட வேண்டும். சொல் மறந்தால் 'ஆ' என்று அகாரத்தில் பாடிக்கொண்டு கடக்க வேண்டும். எது நேர்ந்தாலும் திரும்பிப் போகக் கூடாது. திருத்த வேண்டியவற்றை முடித்த பின் கொப்பியில் குறித்து வைத்து, மறுநாள் சாதகத்தில் திருத்தலாம்.

காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஓடியதற்கு ஓர் எளிய மருந்து உண்டு. நெஞ்சு படபடக்கும்போது எமது உள்ளக் கணக்கு விரைந்துவிடும், அப்போது வழக்கமான வேகம் எமக்கே மந்தமாகத் தோன்றும். வர்ணத்தின் முதலடியை நினைத்துக்கொண்டு காலத்தை வைத்தால் ஏமாறுவீர். வாய் திறக்க முன், வர்ணத்தின் முற்பகுதியை முடிக்கும் முத்தாயி சுரத்தின் இரண்டாங்காலத்தில் உமக்கு ஆகக் கடினமான ஓர் ஆவர்த்தனத்தை மனத்துக்குள் தெளிவாகப் பாடிப் பாரும். அது எந்த வேகத்தில் சுத்தமாக ஓடுகிறதோ, அதிற் பாதியே உமது முதற்காலம். அதன்பின் தாளத்தைப் போட்டுக்கொண்டு பாடத் தொடங்கும். இதற்கு 20 வினாடிகூட ஆகாது; சபை அந்த மௌனத்தைக் குறையாக நினைப்பதில்லை.

சுருதியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டை என்ற சுருதி அளவில் உமக்கு ஐந்தோ ஐந்தரையோ இருக்கும் என்று எண்ணுகிறேன். ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலிற் பூசை வேளையில், தேவாரம் முதல் புராணம் வரையான ஐந்து திருமுறைப் பாடல்களாகிய பஞ்சபுராணம் பாடும். இதை நான் பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. நாதஸ்வரக்காரரின் சுருதி வேறு, உமது சுருதி வேறு. மணியும் மேளமும் ஒன்றாக முழங்கி, காது முழுவதும் அந்த ஒலியால் நிறைந்திருக்க, சட்டென்று எல்லாம் ஓயும். குருக்கள் உம்மைத் திரும்பிப் பார்ப்பார். அந்தக் கணத்தில், தம்புராவும் இல்லாமல், ஒலிவாங்கியும் இல்லாமல், 'ஸ' என்னும் ஆதார சுரமாகிய உமது சட்ஜத்தை உமக்குள்ளிருந்தே எடுத்துத் தேவாரத்தைத் தொடங்க வேண்டும். திருவாசகத்தை மோகனத்திலும் புராணத்தை மத்தியமாவதியிலும் பாடிப் பழகியிருப்பீர். ஆதார சட்ஜம் மாறாமல் ஓர் இராகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவது எவ்வளவு பெரிய பயிற்சி என்பதை அங்கே உணர்வீர். கைத்தொலைபேசியில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து சுருதிப்பெட்டியுடன் ஒத்துப் பாரும். ஏறியிருந்தால் எந்த இடத்தில் ஏறியது என்று குறித்து வையும்.

2009இல் செட்டிகுளத்தில், போரால் இடம்பெயர்ந்தோருக்கான முகாமில் இருந்தபோது, எங்கள் கூடாரத்தைச் சுற்றியிருந்த பிள்ளைகளுக்கு மாலையில் தொடக்கப் பாடமான சரளி வரிசை சொல்லிக் கொடுத்தேன். சுருதிப்பெட்டி கிடையாது, அது எந்த இடப்பெயர்வில் தொலைந்தது என்றுகூட நினைவில்லை. நான் ஒரு சட்ஜத்தைப் பிடிப்பேன், பிள்ளைகள் சேர்ந்து பிடிப்பார்கள். பிறகு நான் நிறுத்திவிட்டு அவர்களை மட்டும் மாயாமாளவகௌளை இராகத்தில் பாட விடுவேன். தண்ணீர் வண்டி வரும், பெயர் கூப்பிடுவார்கள், பாதிப் பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள். மீதமிருந்தவர்கள் மேற்சட்ஜம் போய் ஆதாரத்துக்கு இறங்கி வரும்போது பெரும்பாலும் சுருதி இருந்த இடத்திலேயே இருந்தது. காதுக்கு வெளியே சுருதி இல்லாதபோது உள்ளே ஒன்று வளரும் என்பதை நான் கண்டது அங்கேதான். உமது மேடையில் தம்புரா கேட்காமற் போனது ஒலியமைப்பின் குறையாக இருக்கலாம், அந்தக் குறை இனியும் பல மேடைகளில் இருக்கும்.

பரீட்சைக்கு அண்மையிற் கற்ற அபூர்வ இராகம் எதையும் சேர்க்காதேயும். நீர் சிறு வயதிற் கற்றுப் பல வருடம் பாடிய கீர்த்தனையே கைகொடுக்கும்.

கிளிநொச்சி மிருதங்கக் கலைஞர் எழுதியது:

தங்கச்சி, ஆசிரியை அம்மா கூறியவற்றுடன் நான் முழுமையாக உடன்படுகிறேன். பாட்டுத் தெரிவைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. சிறு வயதிற் கற்ற கீர்த்தனை வாயில் தானாக ஓடும். அப்படித் தானாக ஓடும் பாட்டில்தான், நடுவில் ஒரு நினைவு குறுக்கிட்டால், அடுத்த சொல் எங்கே என்று தெரியாமற் போகிறது. அனுபல்லவியிலிருந்து தொடங்கிப் பாடுங்கள், சரணத்தின் இரண்டாம் அடியிலிருந்து தொடங்கிப் பாடுங்கள், பல்லவியின் நான்காவது சங்கதியிலிருந்து தொடங்கிப் பாடுங்கள். எந்த இடத்திலிருந்தும் நுழைய முடிகிற பாட்டு எதுவோ அதுவே மேடைக்குத் தயாரான பாட்டு. அது பழையதா புதியதா என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

எடுப்பைத் தவறவிட்டது பற்றி மிருதங்கத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அரை இடத்து எடுப்பில் கற்பனாசுரம் பாடும் மாணவர்கள் பலர், சுரத்தின் முடிவை மட்டும் கணக்கிடுகிறார்கள், சமத்திற் கை விழுவதைக் கவனிப்பதில்லை. சமத்தில் தட்டு விழ வேண்டும், அந்தத் தட்டை உள்வாங்கிக்கொண்டு அரை அட்சரம் பொறுத்துப் பாட்டின் சொல்லை எடுக்க வேண்டும். இதைச் சுரமே பாடாமல் பயிலலாம். தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு, எட்டு அட்சரம் மௌனமாக இருந்து, அரை இடத்தில் பல்லவியின் முதற்சொல்லை மட்டும் பாடுங்கள். மறுபடியும் எட்டு அட்சரம் மௌனம், மறுபடியும் அந்தச் சொல். ஐம்பது முறை செய்தால் அந்த இடம் உடம்பில் ஊறிவிடும். அதற்குப் பிறகு அந்த மௌனத்தைச் சுரங்களால் நிரப்பலாம். முதலில் கால் ஆவர்த்தனம், பின்னர் அரை, பின்னர் முழுவதும்.

எது பிழைத்தாலும் தாளம் போடும் கையை நிறுத்தாதீர்கள். சொல் மறந்தாலும், சுரம் குழம்பினாலும், கை ஓடிக்கொண்டிருந்தால் நாங்கள் உங்களைச் சமத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்போம். கை நின்றுவிட்டாலோ, குழம்பி இரண்டு விரலை ஒன்றாக எண்ணிவிட்டாலோ, எங்களுக்கும் வயலினுக்கும் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனத்தில் இதற்கே பரீட்சை நடக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மிசிரம் (ஏழு), கண்டம் (ஐந்து) ஆகிய நடைகளை நான் மாற்றி வாசிக்கும்போது பாடகரின் கை என் வாசிப்பின் பின்னால் இழுபடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தனி என்பது உங்களுக்கு ஓய்வு நேரம் அன்று. மூன்று முறை வரும் இறுதித் தாளக்கோப்பான கோர்வையின் முடிவில் நீங்கள் பாட்டை எடுத்தால்தான் அது நிறைவு பெறும்.

வெவ்வேறு மிருதங்கக்காரர்களுடன் பாடிப் பழகுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். வகுப்பில் எப்போதும் ஒருவருடனேயே பாடினால் அவருடைய முத்தாய்ப்புக்குக் காது பழகிவிடும், புதியவர் வேறு விதமாக முடித்தால் தடுமாறுவீர்கள். வெயிலில் தோல் இறுகி மிருதங்கத்தின் சுருதி ஏறும், மழைக்காலத்து ஈரத்தில் இறங்கும். இங்கே பங்குனி, சித்திரை வெயிலில் மாலை நிகழ்ச்சி தொடங்கும்போது சேர்த்த சுருதி, இருட்டி வெக்கை தணிந்தவுடன் மாறிவிடுகிறது. ஒவ்வோர் உருப்படிக்கும் இடையில் எங்களுக்குச் சுருதி சேர்க்க நேரம் தாருங்கள். அந்த இடைவேளையில் நீங்களும் மூச்சை ஆற்றிக்கொள்ளலாம்.

சனிக்கிழமைகளில் பிற்பகல் நான் கிளிநொச்சியில் வகுப்பெடுக்கிறேன். என் மாணவர்களுக்குப் பாட்டுக்கு வாசிக்கும் பயிற்சி தேவைப்படுகிறது, உங்களுக்கு மிருதங்கம் தேவைப்படுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வழியில் இறங்கினால், நான்கைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக உங்களுக்கு வாசிப்பார்கள். அவர்களுள் ஒருவன் காலத்தை ஓட்டுவான், ஒருவன் பின்னால் இழுப்பான். இருவருக்கும் இடையில் நீங்கள் காலத்தைப் பிடித்து நிறுத்தப் பழகலாம்.

புதுக்குடியிருப்பு மாணவி எழுதியது:

அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நிறுத்தாமற் பாடும் பயிற்சியை நேற்றே தொடங்கினேன். நான் நினைத்ததிலும் அது கடினமாக இருக்கிறது. பிழை வந்த இடத்தில் என்னை அறியாமலே இரண்டு முறை நின்றுவிட்டேன். சனிக்கிழமை கிளிநொச்சிக்கு நிச்சயமாக வருவேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். மேடைக்கு முன் நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்று உண்டென்றும், அதை எடுத்துக்கொண்டால் கை நடுங்காது என்றும் என்னுடன் கற்கும் ஒருவர் கூறினார். எனக்குச் சிறு வயது முதல் தொய்வு (ஆஸ்துமா) உண்டு. அதை எடுப்பது சரியா?

மல்லாவியிற் பிறந்து இலண்டனில் வசிப்பவர் எழுதியது:

மகள், அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். இந்தக் கேள்வியைக் கண்டதால்தான் எழுத வந்தேன். நான் மருந்துத் துறையில் வேலை செய்கிறேன். உங்கள் நண்பர் குறிப்பிட்டது பெரும்பாலும் புரோப்ரனலோல் ஆக இருக்கும். அது அட்ரினலின் இதயத்தின் மேல் செய்யும் வேலையைத் தடுப்பதால் துடிப்புக் குறையும், நடுக்கமும் குறையும். மேல்நாட்டு வாத்தியக் கலைஞர்கள் சிலர் மருத்துவரின் ஆலோசனையுடன் அதை எடுப்பதுண்டு. ஆனால் அதே மருந்து மூச்சுக் குழாய்களைச் சுருங்கச் செய்யும். தொய்வு உள்ளவர்களுக்கு அது உயிராபத்தாகவே முடியக்கூடும். தொய்வுக்கு நீங்கள் பாவிக்கும் மருந்து எதுவானாலும், அதைப் பரீட்சை நாளிலும் விடாமல் எடுங்கள். அது பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கதையுங்கள்.

என் மகள் இங்கே மேல்நாட்டு வயலின் கற்கிறாள். இந்த நாட்டு இசைக் கல்லூரிகளில் மேடையைத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். இலண்டன் அரச இசைக் கல்லூரியில், செயற்கையாக அமைத்த அரங்கு ஒன்றில், திரையில் தோன்றும் சபையினர் முன்னிலையிலும் தேர்வாளர் முன்னிலையிலும் மாணவர்கள் வாசித்துப் பழகுகிறார்கள். திரைக்குப் பின்னால் காத்திருப்பது, பெயர் கூப்பிடுவது, நடந்து வந்து வணங்குவது எல்லாம் அந்தப் பயிற்சியில் அடங்கும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை என்பது என் எண்ணம். வீட்டு விறாந்தையில் அயலவர் ஆறு பேரை இருத்தி, உள்ளே ஐந்து நிமிடம் காத்திருந்து, பரீட்சைக்கு உடுக்கும் அதே சேலையுடன் வந்து அமர்ந்து பாடுங்கள். காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தையும் பயில வேண்டும்.

என் மகளுக்கு அவளுடைய ஆசிரியர் சொல்லிக் கொடுத்த இன்னொரு பயிற்சி இது. வீட்டு வளவை விரைந்து சுற்றி நடந்து நெஞ்சுத் துடிப்பை ஏற்றிவிட்டு, உடனே வந்து வாசிக்கத் தொடங்க வேண்டும். துடிப்பு ஏறிய உடம்புடன் காலத்தை நிதானமாக வைப்பதற்கு அது பழக்கும். உங்களுக்குத் தொய்வு இருப்பதால் ஓட வேண்டாம். மூச்சு இளைக்காத அளவுக்கு நடந்தால் போதும், தூசி பறக்கும் வீதியிலும் வேண்டாம்.

அந்த இசைக் கல்லூரியில் அலெக்ஸாண்டர் என்பவரின் உடற்பயிற்சி முறையும் கற்பிக்கப்படுகிறது. அவர் 1869இல் தஸ்மேனியாவிற் பிறந்தவர்; மேடையில் செய்யுள் ஒப்புவிப்பவராக இருந்தார். மேடையில் மட்டும் குரல் கம்மியது, மருத்துவர்களால் காரணம் சொல்ல முடியவில்லை. கண்ணாடிகளின் முன் நின்று தன்னையே நீண்டகாலம் கவனித்தபோது, ஒப்புவிக்கத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னால் இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாயால் மூச்சைச் சத்தமாக உறிஞ்சுவதைக் கண்டுகொண்டார். உங்கள் கைத்தொலைபேசியைப் பக்கவாட்டில் வைத்து, வர்ணம் தொடங்கும் முதற் பத்து வினாடியை மட்டும் காணொளியாக எடுத்துப் பாருங்கள். தாடையும் கழுத்தும் தோளும் அப்போது என்ன செய்கின்றன என்பதைப் பாட்டைக் கேட்காமல், ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தம்புரா கேட்காத மேடையில் நாம் எல்லோரும் குரலைத் தள்ளுகிறோம். தள்ளும்போது கழுத்து முன்னே வரும்.

முள்ளியவளையிலிருந்து ஓய்வுநிலைச் சங்கீத ஆசிரியை எழுதியது:

மருந்தைப் பற்றித் தம்பி எழுதியது பெரிய உதவி. எனக்கு அது தெரியாது; தெரியாமல் வேறு பிள்ளைகளும் எடுத்திருப்பார்களோ என்று மனம் பதைக்கிறது. இதை வாசிக்கும் மாணவர்கள் தங்கள் நண்பர்களுக்கும் தயவுசெய்து சொல்லுங்கள்.

பாட்டுத் தெரிவில் மிருதங்கத் தம்பி சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். பழைய கீர்த்தனையாகவே இருக்கட்டும், ஆனால் அவர் சொன்னபடி சரணத்திலிருந்தும் சங்கதியிலிருந்தும் நுழைந்து பாடிப் பாரும்.

புதுக்குடியிருப்பு மாணவி எழுதியது:

இரண்டு கிழமைக்குப் பின் எழுதுகிறேன். சனிக்கிழமை கிளிநொச்சியில் நான்கு மாணவர்கள் எனக்கு வாசித்தார்கள். காலத்தை ஓட்டும் தம்பியுடன் வர்ணத்தை இரண்டாங்காலம் வரை அவிழாமற் பாடிவிட்டேன். பின்னால் இழுப்பவருடன் தோற்றுப்போனேன், என் முதற்காலமும் அவருடன் சேர்ந்து இறங்கிவிட்டது. அரை இடத்து எடுப்பு ஒருமுறையும் தவறவில்லை. காணொளியில் என் தாடை வர்ணத்தின் முதற் சுரத்திலேயே மேலே எழும்புகிறது. இதை எந்த ஆசிரியரும் சொன்னதில்லை, நானும் உணர்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையிற் பஞ்சபுராணம் பாடினேன். மேளம் ஓய்ந்தபோது முதலில் நாதஸ்வரத்தின் சட்ஜமே வாய்க்கு வந்தது, அதை விட்டு என்னுடையதைத் தேட ஒரு மூச்சு நேரம் பிடித்தது. ஆசிரியை அம்மா சொன்னபடி பதிவைச் சுருதிப்பெட்டியுடன் ஒத்துப் பார்த்தேன். தேவாரமும் திருவாசகமும் ஐந்தரைக் கட்டையிலேயே நிற்கின்றன. திருப்பல்லாண்டில் மேலே போகும் இடத்தில் சிறிது ஏறி, புராணம் முடியும் வரை இறங்கவே இல்லை. அடுத்த ஞாயிறு அந்த இடத்தைத் தாடையை எழுப்பாமற் பாடிப் பார்க்கப் போகிறேன்.